கொசுவுக்கு

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நேற்று போனில் அத்தானைப் பிடித்தேன். "அவ போன்ல வந்தா அழுவா, நான் இறங்கிடுவேன். எழுதச் சொல்லுங்க, படிக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கறேன்" என்று நீ பின்னால் இருந்து கத்தியது எனக்கே கேட்டது. குரல் கணீரென்று இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியானேன்.

என் டென்டைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போன கோடையில் அவசரமாக மடித்தபோது (எந்த அவசரம் என்று உனக்குத் தெரியும்) வாசல் வலை ஜிப்பில் மாட்டி ஓரம் முழுக்கப் பிரிந்துவிட்டது. இங்கே ஒருவர் பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்கிறார். டென்ட் தைக்கிற கடை வைத்திருக்கும் அக்கா இருக்கும்போது நான் பசைக்காரரிடம் போவேனா? வலை இல்லாமல் ஏரிக்கரையில் தாக்குப்பிடிக்க முடியாது. பூச்சி மருந்தைக் கையில் பூசலாம், காலில் பூசலாம். இமையிலும் உதட்டிலும் பூச முடியுமா? அங்கெல்லாம் வலைதான் காவல்.

விசில் எப்படி இருக்கிறாள்? புல்லாங்குழலைத் தொடுகிறாளா? கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்பாய். சித்தி என்று ஒருத்தி இருக்கிறேனே, கேட்காமல் இருக்க முடியவில்லை. நடந்தது தப்புதான் அக்கா. வேண்டுமென்று செய்த தப்பு இல்லை.

என்றும் உன்
சின்னவள்


ஏப்ரல் 15

தங்கைக்கு,

முதலில் பழக்கத்தில் 'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத எனக்கும் ஆசைதான். பேச்சு வருவதற்கு முன்னாலேயே விசில் அடித்த பிள்ளை என்று நீதானே என் பெண்ணுக்கு அந்தப் பேரை வைத்தாய்? அந்த விசில் இன்று ஆர்கெஸ்ட்ராவில் குழலோடு உட்கார்ந்திருக்க வேண்டியவள். என் கடையில் உட்கார்ந்து பல் போன ஜிப்புகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். யாரால்?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அவளுக்குத் திங்கட்கிழமை ஆர்கெஸ்ட்ராவில் தேர்வு. "ரெண்டு நாள் ஏரிக்கரையில இருந்துட்டுப் போங்க, புள்ளைக்கு மனசு லேசாகும்" என்று கூப்பிட்டது நீ. நாங்களும் இளித்துக்கொண்டு வந்தோம். பொழுது சாய்ந்ததும் கொசுவும், கண்ணுக்கே தெரியாத அந்தப் பொடி ஈயும் கிளம்பின. "சின்னவளே, மருந்து எங்கடி?" என்றேன். நீ அடுப்பை விட்டுத் தலையைக்கூடத் திருப்பவில்லை. "பைக்குள்ள பாட்டில் இருக்கு, எடுத்துப் பூசு" என்றாய். பையில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் உன் கையெழுத்தில் 'கைக்கு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'கொசுவுக்கு'. உலகத்தில் எந்தப் பொம்பளை எதை எடுப்பாள்? 'கைக்கு' என்றால் கை கழுவுகிற சமாச்சாரம் என்று திரும்ப உள்ளே போட்டேன். மற்றதைத் திறந்தால் ஊறிப்போன காலுறை நாற்றம். நல்ல மருந்து என்றால் நாறத்தானே செய்யும்? என் கையாலேயே என் பெண்ணுக்கு நெற்றி, கன்னம், உதட்டோரம் என்று ஓர் இடம் விடாமல் பூசினேன்.

பூசியது மருந்து இல்லை. உன் கொசு ஆராய்ச்சிக்கூடத்தில் கொசுவை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற தைலம். விடிந்தபோது அந்தப் பிள்ளையின் மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை குழலை வாயில் வைத்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது. இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது.

அதைக்கூட அவள் நேரம் என்று விட்டுத் தொலைப்பேன். அந்தப் பாட்டிலை என் கையில் பார்த்ததும் நீ சிரித்தாய். என் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். உன் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. அந்தச் சிரிப்பு மெஷின் ஓடும்போதுகூட என் காதில் கேட்கிறது.

டென்ட் வந்தது. தைத்துத் தருகிறேன். வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் என் கடையில் இல்லை.

உன் அக்கா
(இந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை)


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தது.

சிரித்ததைப் பற்றி முதலில். பயந்தால் எனக்குச் சிரிப்பு வந்து தொலைக்கும், அது உனக்கும் தெரியும். அப்பா போன அன்றைக்குச் சிரித்துவிட்டு, வந்தவர்கள் முன்னால் உன் கையால்தான் கிள்ளு வாங்கினேன். விசிலின் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அதனால் சிரித்தேன்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் 'எலிக்கு' என்று எழுதியிருந்தால் அது எலி தின்பது. 'மீனுக்கு' என்றால் மீன் தொட்டியில் போடுவது. 'கொசுவுக்கு' என்றால் கொசுவுக்கு வைப்பது. 'கைக்கு' என்றால் கையில் பூசிக்கொள்வது. வருஷக்கணக்காக இப்படி எழுதிக் கைக்குப் பழகிவிட்டது. லீவு போட்டுவிட்டுப் போன இடத்திலும் பொறி வைத்து, இங்கே என்ன கொசு வருகிறது என்று பார்க்கிற புத்தி எனக்கு. அதற்காகத்தான் அந்தப் பாட்டில் பையில் இருந்தது. நீ அதை எடுப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதில் சூழ்ச்சி எங்கே அக்கா இருக்கிறது?

இந்தக் கோடையில் நீங்கள் ஏரிக்கரைக்கு வர மாட்டீர்கள், தெரியும். நானாவது போகிறேன். காற்று அடிக்கிற மேட்டில்தான் இந்தத் தடவை டென்ட் போடப்போகிறேன், தண்ணீரை விட்டுத் தள்ளி. விளக்கைத் தூரத்து மரத்தில் மாட்டிவிடுவேன். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை வாங்கிவிட்டேன். வலை ஒன்றுதான் பாக்கி. மெதுவாகவே தை, அவசரமில்லை.

உன்
சின்னவள்


மே 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். மருந்துக் கடையில் போய் "இருமலுக்கு" என்று கேட்டால், இருமல் நன்றாகக் கொழுத்து வளரட்டும் என்றா கொடுக்கிறான்? 'தலைவலிக்கு' என்றால் தலைவலி சாப்பிடுவதற்கா? நல்ல இலக்கணம் கற்றுக்கொண்டாய் போ. சரி, விடு. எத்தனை நாள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது? எனக்கும் அலுத்துவிட்டது.

கடையில் போன வாரம் ஒரு கூத்து. துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க ஒரு நூல் உண்டே, தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும், தையலைப் பிரிக்கிற வேலை மிச்சம். உன் அத்தான் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் அந்த நூல்கண்டை மெஷினில் மாட்டி, காபிக் கடைக்காரரின் வாசல் பந்தலைத் தைத்துக் கொடுத்துவிட்டார். காய்ந்திருக்கும்வரை நன்றாகத்தான் நின்றது. இழுத்துப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது. முதல் மழைக்கு மொத்தப் பந்தலும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் இறங்கியது. அவரைப் பிடித்து விளாசினேன். அப்புறம் அந்தக் கண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் டென்டை நேற்றுப் பார்சலில் போட்டுவிட்டேன். அத்தானைக் கிட்டே விடவில்லை. முழுக்க நானே தைத்தேன். நூலைக்கூட நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். தையல் உனக்குப் பிடிக்கும். விடியற்காலை பனி இறங்கும்போது என்னை நினைத்துக்கொள்வாய்.

விசிலுக்கு வருகிற பதினெட்டாம் தேதி மறுபடியும் தேர்வு வைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை தவறினால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்களாம். நாளைக்கு உங்கள் ஊருக்குப் புறப்படுகிறாள். அவளுடைய தோழி வீட்டில் தங்கிக்கொள்கிறாள். நீ அந்தப் பக்கமே தலையைக் காட்டாதே. அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

அன்பு அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

'அன்பு அக்கா' என்று போட்டிருந்தாய். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரிடமும் டென்டைப் பிரித்துக் காட்டினேன். "எங்க அக்கா தைச்சது, தையல் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றேன். ஒருவராலும் முடியவில்லை.

இனி நான் சொல்லப்போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. தோழி, கீழி எல்லாம் சும்மா. விசில் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளாகவே பெட்டியோடு வந்து நின்றாள். "அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் எதுக்கு சித்தி மாட்டிக்கணும்? எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்றாள். நான் என்ன செய்ய, கதவைச் சாத்தவா?

ஒரு சங்கடம். அவள் குழலை எடுத்தாலே கீழ்வீட்டுக்காரர் கழியால் கூரையை இடிக்கிறார். இரண்டு நாளாகப் பயிற்சியே இல்லை. "ஏரிக்கரைக்குப் போயிடலாம் சித்தி, அங்க யார் இடிப்பாங்க?" என்கிறாள். நான் மாட்டேன் என்றேன், சத்தியமாக. போன வருஷம் பட்டது போதாதா என்றேன். "அப்ப அம்மா தைச்ச வலை இல்லையே. இப்ப இருக்கே. கொசுவோட தாத்தா வந்தாலும் உள்ள நுழைய முடியாது" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டாள். சனிக்கிழமை காலை போகிறோம். ஞாயிறு திரும்பிவிடுவோம். திங்கள் தேர்வு.

நீ தைத்த வலைக்குள் உன் பெண்ணை வைத்துக்கொள்கிறேன். நீயே பக்கத்தில் இருக்கிற மாதிரி.

உன்
சின்னவள்


மே 16, சனி

சின்னவளே,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அந்த டென்டை விரிக்காதே. ஏன் என்று கேட்காதே. விசிலைக் கூட்டிக்கொண்டு உடனே வீட்டுக்கு வந்துவிடு. கீழ்வீட்டுக்காரன் இடித்தால் இடிக்கட்டும், நான் வந்து அவனிடம் பேசிக்கொள்கிறேன்.

போன் செய்தேன். ஆமாம், நான்தான் செய்தேன். உன் போனும் கிடைக்கவில்லை, அவள் போனும் கிடைக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன ஏரியில் எதுதான் கிடைக்கும்? இந்தக் கடிதம் உன் வீட்டுக்குத்தான் வரும், ஏரிக்கு வராது என்று எனக்குத் தெரியாமலா இருக்கிறது? கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அவள் உதட்டைப் பார்த்துக்கொள். போர்வையால் மூடு. உன் கையால் மூடு. என் பெண்ணின் உதட்டைப் பார்த்துக்கொள்ளடி.

அக்கா


மே 22

அக்காவுக்கு,

உன் அவசரத் தபால் திங்கட்கிழமை நாங்கள் தேர்வு முடிந்து வீடு திரும்பியபோது கதவடியில் கிடந்தது. ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய அவசியம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

வேன் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மறுநாள்தான் திரும்ப வரும். புது வலை எது வந்தாலும் ஒரு தடவை நனைத்து அலசிவிட்டுத்தான் கட்டுவது எங்கள் கூடத்து வழக்கம். மெஷின் எண்ணெய் வாசனை இருந்தால் கொசு ஒழுங்காக வராது. அந்தப் பழக்க தோஷத்தில் வாசல் வலையை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு முனையை நானும் மறு முனையை விசிலும் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். வலை அவள் கையோடு போனது, ஜிப் என் கையோடு வந்தது. தையல் இருந்த இடத்தில் கொழகொழவென்று ஏதோ விரலில் ஒட்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் பெண் அதை விரலில் தேய்த்துப் பார்த்தாள். "இது அம்மாவோட கரையிற நூல், சித்தி" என்றாள்.

நான் உனக்காகப் பரிந்து பேசினேன் அக்கா. "கண்டு மாறியிருக்கும்டி, உங்கப்பாகூட அப்படித்தானே பந்தலைத் தைச்சாரு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அப்பா கை மாறும். அம்மா கை மாறாது" என்றாள். எனக்கு வழக்கம்போலச் சிரிப்பு வரும் என்று பயந்தேன். வரவில்லை.

பொழுது சாய்ந்தது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகினோம். வாசலில் போர்வையை ஊக்கு போட்டு மாட்டினோம். 'கைக்கு' பாட்டிலைக் காலி செய்தோம். எல்லாம் செய்தும் போர்வை இடுக்கு வழியாக அந்தப் பொடி ஈ வந்துகொண்டேதான் இருந்தது. அவள் இரண்டு கையாலும் உதட்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் நின்றாளே, அதே மாதிரி. என்னால் பார்க்க முடியவில்லை. பையில் இருந்த இன்னொரு பாட்டிலை எடுத்தேன். எந்தப் பாட்டில் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்து, கை, முழங்கால் என்று ஓர் இடம் விடாமல் பூசிக்கொண்டு, டென்டை விட்டுத் தள்ளித் தண்ணீர் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். ஏரியில் இருந்தது அத்தனையும் என்னிடம் வந்தது.

தியாகம் என்று நினைத்து மூக்கைச் சிந்தாதே. உன்மேல் வந்த ஆத்திரத்தில் பூசியது. ஒவ்வொரு கடிக்கும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் சொறிந்தேன். அங்கே டென்டுக்குள் உன் பெண் வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் குழல் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது.

திங்கட்கிழமை அவளுக்கு இடம் கிடைத்தது. இந்த வருஷம் முழுக்க இங்கேதான், என் வீட்டில்தான் இருப்பாள். "அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லும்மா" என்றேன். "நீங்களே எழுதிடுங்க சித்தி. நான் பேசினா அம்மா அழும், நான் இறங்கிடுவேன்" என்றாள். யார் பெண் என்று கேட்கவா வேண்டும்?

நான் உன் பெண்ணுக்குச் செய்தது தெரியாமல் செய்தது. அதற்காக ஒரு வருஷம் உன் காலைப் பிடித்தேன். நீ எனக்குச் செய்தது தெரிந்து செய்தது. உள்ளே படுக்கப்போவது நான் மட்டும்தான் என்று நினைத்துத்தானே தைத்தாய்? நான் மட்டும்தான் என்றால் அது சரியாகிவிடுமா?

இத்துடன் ஒரு சின்ன பாட்டில் அனுப்புகிறேன். மேலே 'அக்காவுக்கு' என்று எழுதியிருக்கிறேன். 'இருமலுக்கு' மாதிரி படிப்பதா, 'எலிக்கு' மாதிரி படிப்பதா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

சின்னவள்


ஜூன் 1

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தத் தடவை 'அன்புள்ள' தானாக வந்தது. தாளைக் கிழிக்கவில்லை.

பாட்டில் வந்து ஒரு வாரமாக மெஷின் மேலேயே இருந்தது. திறந்து மோந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. உன் அத்தான் "அதைத் தூக்கிக் கடாசு, அவ உன்னைப் பழிவாங்கத்தான் அனுப்பியிருக்கா" என்றார். "வாங்கட்டுமே, உங்களுக்கு என்ன?" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அந்த நூல் கண்டையும் அவர் குப்பையில் போடப் பார்த்தார். விடவில்லை. கண்ணெதிரே இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்திருக்கிறேன்.

உன் பெண், உன் பெண் என்று கடிதம் முழுக்க எழுதியிருந்தாய். அந்தப் பெண் என் கையைப் பற்றிச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நன்றாகத் தைக்கிறவள் என்று ஊரெல்லாம் சொன்னபோது எனக்கு எவ்வளவு மிதப்பு தெரியுமா? இப்போது அவளும் அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் பாட்டிலைக் கையில் கவிழ்த்து நெற்றி, கன்னம், உதட்டோரம் என்று ஓர் இடம் விடாமல் பூசிக்கொண்டேன். அவளுக்குப் பூசின மாதிரியே. பால்கனி விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து உள்ளே போகவில்லை, கையால் விரட்டவும் இல்லை. அத்தான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

நீ அனுப்பியது கொசுவுக்கு வைக்கிறதா, வெறும் தண்ணீரா என்று எனக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லவும் வேண்டாம். காலையில் கண்ணாடியில் பார்த்தேன். மேலுதடு மூக்கைத் தொடுகிறது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். சிரித்திருந்தாலும் இந்தத் தடவை கிள்ளியிருக்க மாட்டேன்.

நாளை சாயங்காலம் போன் செய்யப்போகிறேன். நீ எடுத்தாலும் சரி, விசில் எடுத்தாலும் சரி. இறங்கிவிடுவேனோ என்ற பயம் இனி இல்லை, நான் இறங்கித்தான் இருக்கிறேன். இந்த உதட்டை வைத்துக்கொண்டு என்னால் திட்டவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் வாய் ஒழுங்காக வராது. எடுத்து நீங்கள் பேசுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா